தராசு பிடித்த குரங்கு: வாசகர் கேள்விகளுக்கு ஒரு தையல்காரியின் பதில்கள்

சென்ற இதழில் என் துணிகள் நான்கின் படங்கள் வெளியான பிறகு, ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. கோத்தகிரிக்குப் பக்கத்தில் நான் நடத்தும் தையல்கடையில், ஜாக்கெட் வெட்டுகிற மேசைமேல் வைத்தே எல்லாவற்றையும் படித்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

எம்பிராய்டரி என்றால் எங்களுக்குத் தெரிந்தது ரோஜாப்பூ, ஜோடிக் கிளி, தலையணை உறையில் 'குட் நைட்'. அதை வைத்து அரசியல் கேலி செய்யலாம் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?
– ஒரு வாசகி, தேனி

எனக்குத் தோன்றவில்லை அம்மா. என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்குத் தோன்றியது.

1964-ல் இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கமும் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. எங்கே இருக்க ஆசை என்று அம்மாயியை யாரும் கேட்கவில்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கப்பலேறி, ராமேசுவரம் வந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். இங்கேயும் அதே கொழுந்துதான்.

அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியில் ஒரு படங்கு இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கிற பெண்கள், தேயிலைக் குச்சி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுகிற சாக்குத் துணி அது. அந்தப் படங்கின் ஓரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு குரங்கு. பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய சிவப்பு நூலால் தைத்தது. குரங்கின் கையில் தராசு. ஒரு தட்டு நிறையக் கொழுந்து. இன்னொரு தட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வெறும் தட்டுதான் கீழே தாழ்ந்து நிற்கும்.

அப்பத்தைப் பங்கு வைக்க வந்த குரங்கின் கதை தெரியாத பிள்ளை உண்டா? அந்த ஹட்டன் தோட்டத்தில் சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று இரண்டு மூன்று ராத்தலை வெட்டிவிட்டுத்தான் கணக்கு எழுதுவார்களாம். அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதிர்த்துப் பேசினால் மறுநாள் பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற வரிசையில், பேர் இருக்காது. அதனால் குரங்கைத் தைத்து, இடுப்பில் கட்டிக்கொண்டு, தராசுக்கு முன்னால் போய் நின்றார். ஒரு மாதத்துக்குள் அந்த லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இன்னும் ஏழெட்டுப் பெண்களின் படங்கிலும் குரங்கு ஏறிவிட்டது. நிறுக்கிற கணக்கப்பிள்ளைக்குப் புரியாமல் இருக்குமா? ஆனால் என்ன சொல்லித் திட்டுவார்? "அந்தக் குரங்கு நான்தான்" என்று அவரே ஒப்புக்கொண்டால்தானே வாயைத் திறக்க முடியும்!

ராத்தல் வெட்டுவது நின்றதா என்று அம்மாயியிடம் கேட்டிருக்கிறேன். "நிக்கலைடி. ஆனா அவன் எங்க இடுப்பப் பாக்காம நிறுக்கப் பழகிட்டான்" என்பார். அந்தப் பதிலைப் பல வருடம் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான் முறையாகக் கற்றுக்கொண்டது கான்வென்ட் தையல் வகுப்பில். பதினான்கு வயது. ட்ரேசிங் தாளில் படம் வரைந்து, கோடு முழுக்க ஊசியால் துளை போட்டு, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைப் பஞ்சால் தேய்த்தால் படம் புள்ளிப் புள்ளியாக இறங்கும். அந்த வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. அப்படி நான் போட்ட முதல் ஜோடித் தலையணை உறை என் கல்யாணச் சீரோடு போனது. காம்புத் தையலில் 'குட் நைட்', சுற்றிலும் லேஸி டேஸிப் பூ. இருபது வருடம் கழித்து அலமாரியில் இருந்து எடுத்தேன். 'குட் நைட்' என்பதற்குக் கீழே அதே நீல நூலில், அதே காம்புத் தையலில் சேர்த்தேன்: 'தண்ணீர் காலை 4 மணிக்கு வரும். நீதான் எழுந்திருக்க வேண்டும்.' பக்கத்து லயத்து அக்கா ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே உட்கார்ந்து அழுதார். இந்த வேலையை விடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நீலகிரியில் இருந்துகொண்டு தோடர் எம்பிராய்டரி செய்யாமல் சாதாரண எம்பிராய்டரி செய்கிறீர்களே? அந்த டிசைனில் உங்கள் கருத்துகளைப் போட்டால் உலகமே பார்க்குமே?
– கல்லூரி மாணவர், கோவை

அது என்னுடையது இல்லை தம்பி.

தோடர் பெண்கள் தைப்பதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஃப்ரேம் கிடையாது. துணியில் முன்கூட்டி வரைகிற வேலையும் கிடையாது. முரட்டு வெள்ளைத் துணியின் இழைகளை விரல் நுனியாலேயே எண்ணி, சிவப்பும் கறுப்புமாக ஊசியை ஓட்டிக்கொண்டே போகிறார்கள். இரண்டு இழை தப்பினால் முழு வரிசையும் சரிந்துவிடும். தப்பவில்லை. இடையிடையே நூலை இறுக்காமல் சிறு வளையமாக விட்டுவிடுவதால் துணிமேல் வேலைப்பாடு புடைத்து நிற்கிறது. நாம் அடிப்பக்கம் என்று மறைக்கிற பக்கம்தான் அவர்களுக்கு மேல்பக்கம். இதைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. எருமைக் கொம்பு, சூரியன், மயில் என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் காரணம் இருக்கிறது. பூத்துக்குளி என்கிற அந்தப் போர்வையை உயிரோடு இருக்கும்போதும் போர்த்துகிறார்கள், இறந்தவர் உடலுக்கும் போர்த்துகிறார்கள்.

2013-ல் அந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடே, பிறர் காப்பியடித்து விற்கக் கூடாது என்பதற்காகத்தான். ஊட்டிக் கடைத்தெருவில் மிஷினில் அடித்த சிவப்பு–கறுப்புக் கோட்டைத் 'தோடா சால்வை' என்று சொல்லி விற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு போர்வைக்காக வாரக்கணக்கில் கண்ணைக் கொடுக்கிற பெண்ணின் கூலி அங்கேயே போய்விடுகிறது. பிறர் உழைப்பை எடுத்துக்கொள்கிறவர்களைக் கேலி செய்து தைக்கிற நான், இன்னொரு பெண்ணின் கொம்புக் கோலத்தை எடுத்துக்கொண்டால் என் குரங்குக்கு என்ன மரியாதை? எனக்குச் சாக்கு இருக்கிறது. சேலைக் கரை நூல் இருக்கிறது. அது போதும்.

இது உங்கள் சொந்த பாணியா? வேறு நாடுகளில் இப்படிச் செய்கிறார்களா?
– ஆசிரியை, குன்னூர். இன்னும் மூன்று பேர்

டீச்சர், என் அம்மாயியோடு இது தொடங்கியது என்றுதான் நானும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். என் மகள் கைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்டத்தான், உலகம் முழுக்க எனக்கு அம்மாயிகள் இருந்தது தெரிந்தது.

முதலில் அவள் காட்டியது எலிசபெத் பார்க்கர் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் துணி. 1830 வாக்கில் செய்தது. லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டு வேலைக்குப் போன ஏழைப் பெண். வெள்ளை லினன் துணியில் பூவும் இல்லை, பார்டரும் இல்லை. சிவப்பு நூலில், கிராஸ் ஸ்டிட்சில், மேலிருந்து கீழ்வரை எழுத்து, எழுத்து, எழுத்து மட்டுமே. எனக்கு எழுத வராது, அதனால் இதில் சொல்கிறேன் என்று தொடங்குகிறது. வேலைக்குப் போன இடத்தில் முதலாளி செய்த கொடுமையையும், உயிரை விட்டுவிடலாமா என்று நினைத்ததையும் தைத்துக்கொண்டே வந்து, என் ஆத்மா என்ன ஆகும் என்று கேட்கிற இடத்தில் தையல் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் துணி. அந்த வெற்றிடத்தை விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கே எத்தனை சிறு குறுக்குத் தையல் போட வேண்டும் என்று தையல்காரிக்குத் தெரியும். அவசரத்தில் யாரும் இப்படிப் பேச முடியாது. நிறுத்தி நிறுத்தி, உறுதியாக இருந்தால்தான் ஒரு சொல் முடியும்.

அடுத்தது சிலி நாடு. 1973 செப்டம்பர் 11-ல் பினோசே என்ற ராணுவத் தளபதி ஆட்சியைப் பிடித்தார். ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பலர் திரும்பவே இல்லை. அவர்களுடைய அம்மாக்களும் மனைவிகளும் தேவாலயத்தின் ஆதரவில் ஒன்றாக உட்கார்ந்து துணிப்படம் தைத்தார்கள். அதற்கு அர்பியேரா என்று பெயர். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா டீச்சர்? சாக்குத் துணி! அதைக் கேட்டதும் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து அம்மாயியின் படங்கைத் தொட்டுப் பார்த்தேன். அவர்கள் சாக்கின்மேல், பழைய துணியை வெட்டி ஒட்டுப்போட்டார்கள். சில படங்களில் காணாமல் போனவர் சட்டையின் துண்டே இருக்கும். பின்னால் மலை, பளிச்சென்று சூரியன், குட்டிக் குட்டி வீடுகள். தூரத்திலிருந்து பார்த்தால் குழந்தைகள் செய்த படம் போலத் தெரியும். பக்கத்தில் போனால் போலீஸ் வண்டி நிற்கும், எங்கே அவர்கள் என்று கேட்கிற பதாகையோடு பெண்கள் நிற்பார்கள். பொம்பளைகளின் பொழுதுபோக்கு என்று அலட்சியமாக விட்டதால்தான், அதிகாரிகள் சுதாரிப்பதற்குள் அந்தத் துணிகள் நாட்டை விட்டு வெளியே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன.

லண்டன் ஹோலோவே சிறையில் 1912-ல் வாக்குரிமை கேட்டு அடைபட்ட பெண்கள் கைக்குட்டையில் தங்கள் கையெழுத்துகளைத் தைத்தார்கள். ஒரே கைக்குட்டையில் 66 கையெழுத்து. நம் பக்கத்தில் பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்தில் புசுரா என்ற ஊர்ப் பெண்கள், பிறந்த குழந்தைக்குப் பழைய சேலையில் தைக்கிற சுஜனி மெத்தையை 1988-லிருந்து வரதட்சணை, குடி, பெண்சிசுக் கொலை பற்றிப் பேசுகிற துணியாக மாற்றியிருக்கிறார்கள். அரசியல் கேலி என்று சரியாகக் கேட்டால், அமெரிக்காவின் டயானா வேமரைச் சொல்வேன். 2018 ஜனவரியில் ட்ரம்ப் தன்னைத்தானே மேதை என்று சொல்லிக்கொண்ட வாசகத்தை, தன் பாட்டி பாதியில் விட்டுவைத்திருந்த பூவேலைத் துணிமேல் மஞ்சள் நூலில் தைத்தார். அவர் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஆள்பவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே பாட்டியின் பூக்களுக்கு நடுவில் வைத்தார், அவ்வளவுதான். பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் அவரோடு சேர்ந்து தைத்தார்கள்.

நான் இதில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கேலிச் சித்திரத்தில் மூக்கைப் பெரிதாக்கலாம், வயிற்றைப் பெரிதாக்கலாம். தையலில் அது தேவையே இல்லை. சொன்னதைச் சொன்னபடி, அழகான துணியில், பொறுமையாகத் தைத்தால் போதும்.

என் மனைவி ஊராட்சித் தலைவராக இருக்கிறார். நான் கூடமாட உதவுகிறேன். உங்கள் 'தலைவர் துண்டு' படத்தைக் காட்டி ஊரில் என்னைக் கேலி செய்கிறார்கள். மனைவிக்கு உதவுவது தப்பா?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

இல்லை சகோதரரே. மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதலில் அந்தத் துண்டைப் பற்றி, பார்க்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸ் நாற்காலிகளில் முதுகுப் பக்கம் வெள்ளை டர்க்கி டவல் போட்டிருப்பார்களே, அது மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டேன். டர்க்கி டவலில் எம்பிராய்டரி போட்டவர்களுக்குத் தெரியும், அதன் பூ வளையங்கள் நூலை விழுங்கிவிடும். மெல்லிய நூலில் எழுதினால் எழுத்து உள்ளே போய் மறைந்துவிடும். ஆறு இழையையும் சேர்த்துத் தடிமனாகப் போட்டால்தான் மேலே நிற்கும். அதையே பயன்படுத்திக்கொண்டேன். 'தலைவர்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு பெண் பெயரை ஒற்றை இழையில் தைத்தேன். அது டவலுக்குள் முங்கிப்போனது. அதற்கும் கீழே, 'தொடர்புக்கு: கணவர்' என்றும் பத்து இலக்கக் கைபேசி எண்ணையும் ஆறு இழைப் பச்சை நூலில் புடைப்பாகத் தைத்தேன். யாருடைய எண்ணும் ஆகிவிடக் கூடாது என்று பத்தும் பூஜ்யமாகவே போட்டேன்.

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்து மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சி இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தியது. அந்த நாற்காலிக்காகப் பல பேர் பல வருடம் போராடினார்கள். அதில் உட்கார வேண்டியவர் வீட்டில் டீ போட, இன்னொருவர் உட்கார்ந்து பைலைப் புரட்டுவதைத்தான் நான் தைத்தேன். தலைவியைக் கேலி செய்து ஒரு தையல்கூட அதில் கிடையாது. அவர் பெயரை மறைத்த டவலைத்தான் காட்டுகிறேன். நான் எப்போதும் அண்ணாந்து பார்த்துத்தான் கேலி செய்வேன். நாற்காலியில் இருப்பவரை, தராசு பிடித்தவரை, கணக்கு எழுதுகிறவரை. கொழுந்துக் கூடையோடு நிற்பவளைக் கேலி செய்து சிரிக்க வைக்க யாராலும் முடியும். அதற்கு ஊசி எதற்கு?

நீங்கள் உதவுகிறவரா, உட்கார்ந்துகொள்கிறவரா என்பது உங்களுக்கே தெரியும். ஊராட்சிப் பலகையில் யார் எண் இருக்கிறது? ஆகஸ்டு 15 கிராம சபையில் குழாய் வரவில்லை என்று ஒரு பாட்டி எழுந்து கேட்டால் யார் பதில் சொல்கிறார்கள்? நீங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, அவரைக் கூட்டத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே நிற்கிறவர் என்றால், உங்களை அப்படியே ஒரு துணியில் தைத்து அனுப்புகிறேன். காசு வேண்டாம்.

2023-ல் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு இடஒதுக்கீடு வந்துவிட்டதே. அதையும் ஏன் கேலி செய்கிறீர்கள்?
– ஒரு வாசகர், சேலம்

கேலி செய்யவில்லை, தையல்காரி கண்ணால் பார்த்தேன். தைப்பதற்கு முன்னால் துணி நகராமல் இருக்க, பெரிய பெரிய ஓட்டுத் தையலாக நூலோட்டி வைப்போம். ஒரு முனையை இழுத்தால் முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும். 1996-ல் முதன்முதலாக அறிமுகமான மசோதா 27 வருடம் கழித்து 2023 செப்டம்பரில் நிறைவேறியது. எடுத்துப் படித்தால், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன்பின் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே இருந்தது. அந்த வாரம் ஒரு பட்டுத் துணியில், 33 சதவீதம் என்பதற்காக '33' என்று வெறும் நூலோட்டம் போட்டுவைத்தேன். நூலின் முனையில் முடிச்சுப் போடவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் நம் மாநிலத்தில் 234 பேரில் 12 பெண்கள்தான் வென்றார்கள். எனக்கும் அந்த '33'-ஐச் சாட்டின் தையலில் நிரப்ப ஆசைதான். நூல்கூட எடுத்து வைத்திருக்கிறேன். மாம்பழ மஞ்சள்.

பயமாக இல்லையா அக்கா? யாரும் மிரட்டவில்லையா?
– இளம் வாசகி, ஒட்டன்சத்திரம்

பயம் இருக்கிறது கண்ணு. கடை வாடகைக் கட்டடத்தில்தான் நடக்கிறது. வாடிக்கையாளர்கள் எல்லாக் கட்சிக் குடும்பங்களிலிருந்தும் வருகிறார்கள். அதனால் தெரியாததைத் தைப்பதில்லை. ஒருவர் குடும்பம், உடம்பு, நிறம், சாதி பற்றி ஒரு தையல் போடுவதில்லை.

ஒரு மகளிர் தின விழாவுக்கு என் துணிகளைக் கேட்டு வாங்கிப்போனார்கள். எந்த ஊர், யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். காலை எட்டு மணிக்கு நானே போய் ஹால் சுவரில் வரிசையாக மாட்டினேன். ஒன்பதரைக்கு ஒருவர் வந்து பார்த்தார். 'குட் நைட்' உறை முன்னால் நின்று சிரித்தார். துண்டுக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. மேடையில் சிறப்பு விருந்தினருக்குப் போட்டிருந்த நாற்காலியின் முதுகில் அதே மாதிரி வெள்ளை டர்க்கி டவல். "இது மட்டும் வேணாம்மா, எடுத்துருங்க. பெண்மையைப் போற்றுற நிகழ்ச்சி, பாருங்க" என்றார். கை நடுங்கியது. பத்து நாள் இரவு விளக்கில் போட்ட வேலை. எதிர்த்துச் சண்டை போடத் தைரியம் வரவில்லை. கழற்றி, மடித்தேன். பைக்குள் வைக்கப் போனேன். வைக்க மனம் வரவில்லை. தோளில் போட்டுக்கொண்டேன்.

அன்று முழுக்க அப்படியே இருந்தேன். விழா நடந்தது, கோலப்போட்டிக்குப் பரிசு கொடுத்தார்கள், தக்காளிச் சாதம் போட்டார்கள். சாப்பாட்டு வரிசையில் ஒரு வார்டு உறுப்பினர் எனக்குப் பின்னால் நின்றார். நாற்பது வயது இருக்கும். "தோள்ல என்னக்கா?" என்று கேட்டார். விரித்துக் காட்டினேன். பச்சை நூலில் இருந்ததைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு 'தலைவர்' என்ற சொல்லுக்குக் கீழே, வெறுமையாகத் தெரிந்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, அரிசியில் கல் தேடுவது மாதிரி மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். "இங்க ஒரு பேர் இருக்குக்கா" என்றார்.

கண்ணால் பார்த்த யாருக்கும் அந்தப் பெயர் அகப்பட்டதில்லை. விரலுக்கு அகப்பட்டது. அவர் நான்கு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் விரலும் போனது. தட்டில் சாதம் ஆறிப்போனது எங்களுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் துண்டை நான் சுவரில் மாட்டுவதில்லை. தோளில் போட்டுக்கொண்டு போகிறேன்.

இந்தத் துணிகள் விலைக்குக் கிடைக்குமா?
– பலர்

அம்மாயி படங்கு, துண்டு, 'குட் நைட்' உறை மூன்றையும் கொடுக்க மாட்டேன். மற்றவற்றுக்குத் தைத்த மணி நேரத்தைக் கணக்குப் போட்டு, ஜாக்கெட் தைத்தால் எனக்கு அந்த நேரத்தில் என்ன வருமோ அதைத்தான் கேட்பேன். பேரம் பேசாதீர்கள். ஊசி பிடிக்கிற பெண்ணின் நேரத்துக்கு விலை குறைப்பதும் தராசில் ராத்தல் வெட்டுகிற மாதிரிதான்.

எந்த ஊசி, எந்த நூல்? மலையில் ஈரத்துக்கு எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

உங்களுக்கும் எனக்கும் ஒரே கஷ்டம்தான். ஊசிக்கு நான் தூரம் போக வேண்டியதில்லை. இந்த மாவட்டத்திலேயே, கேத்தியில் 1949-லிருந்து ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. 'போனி' ஊசி அங்கே செய்வதுதான். எண் கூடக் கூட ஊசி மெலியும். எழுத்துக்கு ஏழாம் நம்பரும் எட்டாம் நம்பரும் போதும். சாக்குக்குக் காது பெரிய தடித்த ஊசி வேண்டும். ஆறு இழை நூலில் எப்போதும் முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள், சாக்கு நூலைத் தேய்த்துப் பஞ்சாக்கிவிடும்.

மழைக்காலத்தில் ஊசி ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். அம்மாயி, சீப்பில் வரும் முடியைச் சேர்த்துவைத்துச் சின்னத் திண்டு மாதிரித் தைத்து அதில் ஊசி குத்தி வைப்பார். முடியில் இருக்கிற எண்ணெய்ப்பசை ஊசியைக் காக்கும். நானும் அப்படித்தான் செய்கிறேன். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் அதிகம். அந்த இரண்டு மாதம் முடிந்த துணிகளை மடித்து வைக்காமல் குழாயில் சுருட்டி, அடுப்படிப் பரணில் போட்டுவிடுவேன். மடிப்பில்தான் பூசணம் முதலில் பிடிக்கும். சிவப்பு நூலை மட்டும் நம்பாதீர்கள். தைப்பதற்கு முன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூல்கண்டையே ஒதுக்கிவிடுங்கள்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் தையல் வகுப்புக்குப் போக மறுக்கிறாள். "பொண்ணுங்கள வீட்டுக்குள்ள உக்கார வெக்கத்தான் இது" என்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.
– ஒரு தாய், மேட்டுப்பாளையம்

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. எனக்குச் சொல்லிக்கொடுத்த வகுப்பில் பையன்கள் கிடையாது. அவர்கள் அந்த நேரத்தில் மைதானத்தில் பந்து விளையாடினார்கள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே 'வெல்கம்' என்று தைத்தோம். அதனால் அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பள்ளியில் பையன்களுக்கும் தையல் வகுப்பு வேண்டும் என்று அவளே தலைமை ஆசிரியருக்கு மனு எழுதட்டும்.

அதோடு இன்னொன்று கேட்டுப் பாருங்கள். உங்களிடம் அவள் சொன்ன அந்த வாக்கியத்தை, அவள் சொன்ன மாதிரியே, ஒரு கைக்குட்டையில் தைக்கச் சம்மதிப்பாளா? பின் தையல் மட்டும் தெரிந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். 'ண'வில் வளைவுகளைச் சிறு சிறு தையலாகப் போட வேண்டும், நீட்டிப் போட்டால் கோணிக்கொள்ளும். 'பொண்ணுங்கள' என்று தொடங்குவதால் முதல் சொல்லிலேயே அவளுக்கு அது இரண்டு தடவை வரும். பொறுமை போகும், பிரிப்பாள், திரும்பப் போடுவாள். முடித்தால் இதழ் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். இஸ்திரி போட வேண்டாம், பின்னால் தொங்குகிற நூலை வெட்டவும் வேண்டாம். ஏழாம் நம்பர் ஊசி ஒரு பாக்கெட் இந்தக் கடிதத்தோடு அவள் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன்.